திடீர் ஆய்வுக்கு வருக வருக

விக்கிரமசிங்கபுரம்,
3 பிப்ரவரி 2025

என் செல்லப் பேத்தி எப்சிக்கு,

ஆச்சி சாரம்மாள் எழுதுவது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கர்த்தர் செய்திருக்கும் நன்மைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கேள். உன் அண்ணன் ஜாபேஸ் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர் ஆகிவிட்டான். இப்போது எந்தக் கடலில் இருக்கிறான் என்று கேட்டால் அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் தோளில் கோடு ஏறிவிட்டது. உன் அத்தை மகள் ஸ்டெபி திசையன்விளையில் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு, கைப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு, பி.எட். பாஸ் பண்ணிவிட்டாள். பரீட்சை அன்று பிள்ளைக்குக் காய்ச்சலாம், மாமியார் கூடவே போய் மரத்தடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாளாம். அந்த மாமியாரைக் குறை சொன்ன வாயை நான் கழுவிக்கொண்டேன். கடைக்குட்டி எபனேசர் ஞாயிறு பள்ளி மனப்பாடப் போட்டியில் வேதத்திலுள்ள சங்கீதத்தை மூச்சு விடாமல் சொல்லி முதல் பரிசு வாங்கினான். பரிசு டிபன் பாக்ஸ். மூடி திறக்க உன் அப்பன் வரவேண்டியிருக்கிறது, அது கிடக்கட்டும்.

அப்புறம் நீ! சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிக் கோட்டைக்குள் வேலைக்குப் போனதே எனக்குப் போதும் என்றிருந்தேன். இப்போது அமைச்சரம்மாவுக்கே பி.ஏ.! உன் தாத்தா எலியேசர் முப்பத்தொரு வருஷம் நூல் ஆலையில் வேலை பார்த்தும் மேனேஜர் அறைக்குள் ஒரே ஒரு தரம்தான் போயிருக்கிறார், அதுவும் மின்விசிறி மாட்ட ஏணி பிடிக்க. அவர் பேத்தி அமைச்சர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போகிறாளாமே! உன் அப்பன் சொன்னதும் நான் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன்.

தெருவில் எனக்கு மரியாதை ஏறிப்போய்விட்டது. பின்தெரு ஷரீபா பீவி முதியோர் உதவித்தொகை நின்றுபோனதுக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறாள். பஸ் நம் முக்கில் நிற்க வேண்டும் என்று பதினேழு பேர் கையெழுத்துப் போட்டு இன்னொன்று வந்திருக்கிறது. "ஆச்சி, ஒம்ம பேத்திட்ட ஒரு வார்த்த சொன்னா போதும்லா" என்கிறார்கள். நான் எல்லாவற்றையும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போனில் பேசலாமே என்று கேட்டாயாம். என் காதுக்கு உன் குரல் வண்டு சுற்றுவதுபோல் இருக்கிறது. பதிலுக்கு நான் கத்தினால் தெருவே வாசலில் கூடிவிடுகிறது. கடிதம்தான் நல்லது, நாலு தரம் படிக்கலாம். நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று விவரமாக எழுது. அமைச்சரம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருவாயா, நிற்பாயா? மத்தியானம் சாப்பிட விடுகிறார்களா? கோயில் சங்கத்துப் பெண்கள் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்பு முத்தங்களோடு,
ஆச்சி

•

சென்னை,
9 பிப்ரவரி 2025

அன்பு ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தை ரயிலில் வைத்துப் படித்தேன். டிபன் பாக்ஸ் இடத்தில் சிரித்துவிட்டேன், எதிரே இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

நான் உட்காருவதில்லை ஆச்சி, நிற்பதும் இல்லை. நடந்துகொண்டே இருக்கிறேன். அமைச்சர் ராஜராஜேஸ்வரி மேடத்துக்கு நடை வேகம் அதிகம். அவர் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதற்குள் நான் மூன்று கோப்புகளில் என்ன இருக்கிறது என்று சொல்லி முடிக்க வேண்டும். யாரை உடனே உள்ளே விடுவது, யாரிடம் "கூட்டத்தில் இருக்கிறார்" என்று சொல்வது, யாருக்குக் காபி கொடுத்து உட்காரவைத்தே அனுப்பிவிடுவது, எல்லாம் என் பொறுப்பு. முதல் நாள் எல்லாவற்றையும் குழப்பினேன். கார் ஓட்டுநர் தேவசிகாமணி அண்ணன்தான், "தங்கச்சி, மேடம் கண்ணாடியக் கழட்டிட்டாங்கன்னா வாயத் தொறக்காத. மாட்டினதுக்கு அப்புறம் சொல்லு" என்று சொல்லிக் கொடுத்தார். அவர் நம்ம அம்பாசமுத்திரத்துக்காரர். அந்த ஒரு பாடத்தால்தான் இரண்டு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறேன்.

பெட்டியில் இருக்கும் மனுக்களை எனக்கு அனுப்பாதீர்கள் ஆச்சி. ஷரீபா பீவி பாட்டியைத் தாலுகா அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். என் கைக்கு வந்தால் அது சிபாரிசு ஆகிவிடும்.

இப்போது ஒரு பெரிய சந்தோஷம். தினமும் மேடத்துக்கு நானூறு ஐந்நூறு மனுக்கள் வரும். அதில் எதை மேலே வைப்பது என்பது என் வேலை. போன வாரம் கணக்கு நோட்டில் கிழித்த தாளில் ஒரு கடிதம் வந்தது. நம் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி இருக்கும் மாணவியர் விடுதியிலிருந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது. குடிநீர்த் தொட்டியில் பல்லி செத்துக் கிடந்ததாம், சொன்னால் மேலே பலகை போட்டு மூடிவிட்டார்களாம். ராத்திரிச் சாப்பாட்டைச் சாயங்காலம் நாலு மணிக்கே ஆக்கி வைத்துவிடுகிறார்கள், சாம்பார் புளித்துவிடுகிறது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "இன்று நான் பிடித்தேன், நாளை அவள் எனக்குப் பிடிப்பாள்" என்று எழுதியிருந்தாள். அதைக் கட்டின் உச்சியில் வைத்தேன். மேடம் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். பத்து நிமிஷம் நான் வாயே திறக்கவில்லை. பிறகு, "எப்சி, சொல்லாம கொள்ளாம போய் நிப்போம்" என்றார்!

பிப்ரவரி 27, வியாழக்கிழமை. பயணத் திட்டத்தில் தென்காசி விழா என்று மட்டும்தான் இருக்கிறது. பாதுகாப்புக்கு வருபவர்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். மேடம், நான், குறுக்கு வழி தெரிந்த தேவசிகாமணி அண்ணன், மூன்று பேருக்குத்தான் விடுதிக்குப் போவது தெரியும். நான் பொறுக்கியெடுத்த ஒரு தாளுக்காக ஓர் அமைச்சர் கிளம்பி வருகிறார் ஆச்சி! திரும்பும் வழியில் ஐந்து நிமிஷம் நம் வீட்டில் காபி குடிக்க மேடம் சம்மதித்திருக்கிறார்.

யாரிடமும் சொல்லக்கூடாது. அப்பாவிடம்கூட. உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

உங்கள்
எப்சி

•

விக்கிரமசிங்கபுரம்,
17 பிப்ரவரி 2025

எப்சி மகளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் சுடலைமணி சைக்கிளை நிறுத்துவதற்குள் நான் வாசலில் நின்றேன். வாசித்துவிட்டு எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உன் அப்பன், "என்னம்மா, காலுக்கு முடியலியா?" என்றான். "ஒண்ணுமில்லலே, நீ சோலியப் பாரு" என்று விரட்டிவிட்டேன்.

நீ சொன்னபடியே ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். காரியத்தை அவர் பார்த்துக்கொள்வார், நீ தைரியமாக வா.

அந்தப் பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல தாளைத்தான் உச்சியில் வைத்தாய். ஐந்தாம் வகுப்பில் எனக்கு எழுத்து வராது என்று ரெத்தினம் டீச்சர் என் சிலேட்டை அடியில் போட்டுவிடுவாள். உச்சியில் வைக்க ஒரு ஆள் வேண்டும் மகளே!

அமைச்சரம்மா காபிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவார்கள்? முறுக்கு சுடவா, அதிரசம் சுடவா? பல் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து எழுது. புது டம்ளரை எடுத்து வைத்தால் சந்தேகம் வரும் என்று பழைய டம்ளரையே புளி போட்டு விளக்கிக்கொண்டிருக்கிறேன். எத்தனை சாமர்த்தியம் பார் உன் ஆச்சிக்கு!

ஆச்சி

•

சென்னை,
1 மார்ச் 2025

அன்பு ஆச்சிக்கு,

நீங்கள் வாசலில் காத்திருந்தீர்கள் என்று அப்பா போனில் சொன்னார். மன்னித்துவிடுங்கள். நம் வீட்டுத் தெருமுனையைக் கார் தாண்டிப் போனபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நடந்ததை எழுதுகிறேன். விடுதித் தெருவுக்குள் கார் திரும்பியதுமே வாழை மரம் தெரிந்தது. இரண்டு பக்கமும் கட்டியிருந்தார்கள். வாசலில் மூன்று வண்ணத்தில் கோலம். அதற்கு மேலே ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு, மேடத்தின் படம் போட்டு. அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா ஆச்சி? "திடீர் ஆய்வுக்கு வருகை தரும் மாண்புமிகு அமைச்சர் அவர்களே, வருக வருக." திடீர் ஆய்வுக்கு!

பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய பிள்ளைகளைத் தலையில் பூ வைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் புதுக் கேன்கள். குளியலறைக் கதவில் புதுத் தாழ்ப்பாள், அதில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூட உரிக்கவில்லை. காப்பாளர் தட்டில் கேசரியோடு வந்தார். மேடம் பிள்ளைகளைப் பார்த்து, "தண்ணி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு மேடம்" என்று அறுபது பேரும் பாட்டுப்போலச் சொன்னார்கள். அதில் ஒருத்தி மட்டும் வாயசைக்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் என்று எனக்குத் தெரிந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று இருந்தது.

காரில் ஏறியதும் மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்சி, இந்த மாதிரி போர்டு அடிக்க எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு நாள் ஆகும் மேடம்."

"அப்ப ரெண்டு நாளைக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சது மூணு பேருக்கு. நான் சொல்லல. நீ?"

"சொல்லல மேடம்."

மேடம் முன்சீட்டைப் பார்த்தார். தேவசிகாமணி அண்ணனின் அக்கா அம்பாசமுத்திரத்தில் இருப்பது மேடத்துக்குத் தெரியும்.

"எம்மா, எங்க அக்காட்ட கூட தென்காசி போறேன்னுதாம்மா சொன்னேன். எம் பிள்ளயள் மேல சத்தியம்மா" என்றார். கார் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணைத் துடைக்க அவரால் கையை எடுக்க முடியவில்லை.

திருநெல்வேலி விருந்தினர் மாளிகையில் வேறு ஓட்டுநர் வந்துவிட்டார். அண்ணன் சாவியை என் கையில் கொடுத்தார். சீட்டில் விரித்திருந்த துண்டை மடித்து எடுத்துக்கொண்டார். "தங்கச்சி, நீயாவது நம்புதியா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளிருந்து கூப்பிட்டார், நான் பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன். இப்போது அவர் வாகனக் கூடத்தில் வண்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நம்புகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் இல்லை என்றால் வேறு யார்?

அந்தப் பிள்ளையை அங்கே என்ன செய்கிறார்களோ என்று நினைத்தால் வேலையில் கை ஓடவில்லை.

எப்சி

•

விக்கிரமசிங்கபுரம்,
5 மார்ச் 2025

எப்சி மகளே,

நீ வராதது எனக்கு வருத்தம்தான், ஆனால் அதைப் பெரிசாக நினையாதே. முறுக்கைத் தெருப் பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டார்கள். இன்று லெந்து நோன்பு நாள் தொடக்கம், கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

நீ மனம் தளராதே. எத்தனை பேர் உனக்காக ஜெபித்தார்கள் என்று தெரிந்தால் உனக்குத் தெம்பு வரும். நீ வருவதற்கு முந்தின வாரத்து ஞாயிற்றுக்கிழமை, நம் போதகரின் மனைவி ரீபா ஐயரம்மாவிடம் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். போதகர் ஐயர் அதை ஆராதனையில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். எல்லாரும் கேட்டார்கள், எனக்குக்கூடக் கேட்டது. "நம் சபை சாரம்மாள் அம்மாளின் பேத்தி எப்சி, அமைச்சரம்மாவோடு 27ஆம் தேதி யாருக்கும் தெரியாமல் மாணவியர் விடுதியைப் பார்க்க வருகிறார்கள். வழியில் தீங்கு அணுகாமலும் காரியம் ஜெயமாகவும் ஜெபிப்போமாக." முந்நூறு பேர் எழுந்து நின்று

எப்சி, இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு மேல் எப்படி எழுத. பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுவாரே ஒருவர், அவர் மனைவிக்கு எங்கே வேலை என்று இப்போதுதான் எழுந்து போய் ஐயரம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தேன். அந்த விடுதிக் காப்பாளர்தானாம். அந்த மனிதரும் அன்றைக்கு எழுந்து நின்று ஜெபித்தார் மகளே. ஆமென் சொன்னார்.

நீ யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். கோயிலில் சொல்வது ஜனங்களிடம் சொல்வது என்று இந்த வயது வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை. பிரசவம், பரீட்சை, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் அப்படித்தானே கொடுத்தோம். உன் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கும் கொடுத்தேனே.

உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையும் இருந்தது. "அமைச்சரம்மாவோடு" என்ற வார்த்தையை நானாகத்தான் சேர்த்து எழுதினேன். ஆண்டவருக்கு அதை எழுதித்தான் தெரிவிக்க வேண்டுமா என்ன?

ஆனால் ஒன்று கேள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அமைச்சரம்மாவிடம் போய் எதுவும் சொல்லிவைக்காதே. அந்த டிரைவர் இந்தக் காரை விட்டால் இன்னொரு காரை ஓட்டுவார், அவருக்குத் தொழில் கையில் இருக்கிறது. நம் குடும்பத்தில் கோட்டைக்குள் அத்தனை தூரம் போனது நீ ஒருத்திதான். என்னால் அது போனது என்று ஆகிவிட வேண்டாம். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஆச்சி

•

சென்னை,
12 மார்ச் 2025

ஆச்சிக்கு,

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. அடுப்பில் போடவில்லை.

இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில்தான் வாகனக் கூடம். தேவசிகாமணி அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து யாருடைய காரையோ துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தங்கச்சி, மேடத்துக்கு மாத்திரை ஞாபகமாக் குடுக்கியா? ரெண்டு மணிக்கு மறந்துருவாங்க" என்றார். நான் கொடுக்க மறந்திருந்தேன்.

"இன்னொரு காரை ஓட்டுவார்" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது ஆச்சி. இதுவரைக்கும் உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. இன்னும் முழுவதாகப் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில், கோப்புகளுக்கு முன்னால் உங்கள் கடிதத்தை வைத்தேன். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். முறுக்கு வந்த இடத்தில் சிரித்தார். ஆமென் சொன்ன இடத்தில் வாய்விட்டே சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க ஆச்சி எத்தனாவது படிச்சிருக்காங்க?"

"அஞ்சாவது மேடம்."

"இதை நீ எரிச்சிருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தேவசிகாமணி அண்ணன் பெஞ்சிலயே இருந்திருப்பாரு மேடம்."

மேடம் கடிதத்தை மடித்து வைத்தார். "சிரிப்பா இருக்கு, ஆனா அந்தப் பிள்ளைங்களுக்குச் சிரிப்பா இருக்காது" என்றார். "நான் சொல்றதை வீட்டுக்கு எழுதுற ஆளைப் பக்கத்துல வச்சுக்க முடியாது எப்சி. நீயே வந்து சொன்னதால மெமோ வேண்டாம். துறைக்குத் திரும்பிப் போ."

சரி மேடம் என்றேன். தவறு உங்களுடையது மட்டும் இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று எழுதினேனே, அப்படி எழுதவேண்டிய விஷயத்தை எழுதியதே தவறு. சந்தோஷத்தில் எனக்கும் கை நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணன் காருக்குத் திரும்பிவிட்டார். மேடம் அவரைக் கூப்பிட்டு, "தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க" என்றாராம். அவர் என்னிடம் ஓடிவந்து சொல்லிவிட்டு, என் விஷயம் தெரிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் இப்போது துறையின் மனுப் பிரிவில் இருக்கிறேன். பெரிய கூடம், பத்து மேஜை. அமைச்சர் அறை வேறு கட்டிடம். நான் இனி பி.ஏ. இல்லை. இதைத் தெருவில் நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ, அது உங்கள் விருப்பம்.

எப்சி

•

விக்கிரமசிங்கபுரம்,
24 மார்ச் 2025

என் கண்ணே எப்சி,

உனக்குக் கோபம் தீர்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தீராவிட்டாலும் இதைப் படி, ஓடிவந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்!

முதலில் என் காரியம்.  தெருவில் எப்படிச் சொல்வேன் என்று கேட்டிருந்தாயே. ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் தேதி, ஐயர் ஜெபக் குறிப்புகளை வாசித்து முடித்ததும் நான் எழுந்து நின்றேன். அறிவிப்பு இருக்கிறது என்றேன். "இந்தச் சபையில நான் குடுத்த சீட்டால ஒரு அரசாங்க ரகசியம் வெளிய போச்சு. அதனால ஒரு டிரைவர் தம்பி செய்யாத தப்புக்குத் தண்டன அனுபவிச்சாரு. என் பேத்தி போய் உள்ளதச் சொன்னா, அவ பதவி போச்சு. அவ இப்ப பி.ஏ. இல்ல. நான் பெருமைக்கு எழுதினேன், அதுக்கு நீங்க எல்லாரும் எனக்காக ஜெபிக்கணும்" என்றேன்.  பாடகர் குழுவில் அந்த மனிதர் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ராஜாத்தி, "இதெல்லாம் வெளிய சொல்லணுமாக்கும் மயினி?" என்றாள். "எட்டி, பெருமைய மட்டும் வெளிய சொல்லலாமோ?" என்று கேட்டுவிட்டு நடந்தேன். 

இனிதான் விசேஷம்! நேற்று முன்தினம் சனிக்கிழமை, விடிந்தும் விடியாமலும் அமைச்சரம்மா அந்த விடுதிக்கு வந்துவிட்டார்கள்! உனக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன், தெரிந்தாலும் எனக்கு எழுதாதே. கொடி இல்லாத ஒரு வெள்ளைக் கார், கூட ஒரு பெண் போலீஸ், அவ்வளவுதான். வாசலில் கோலம் இல்லை, வாழை இல்லை. காப்பாளர் அவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாளாம். அங்கே பாத்திரம் கழுவும் இசக்கித்தாய் நம் தெருவில்தான் இருக்கிறாள், அவள் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆச்சி, கேன எல்லாம் அன்னைக்குச் சாயங்காலமே திருப்பிக் கொண்டு போயிட்டாவ. தாப்பாளயும் கழட்டிட்டாவ, கடைக்காரனுக்குத் திருப்பிக் குடுக்கணுமாம். அந்தம்மா நேரா வந்து தொட்டிப் பலகையத் தூக்கிப் பாத்தாவ. ஒரு டம்ளர எடுத்து அந்தத் தண்ணிய மொண்டாவ. நான் பதறிப்போயி, 'எம்மா, குடிச்சிராதிய!' ன்னேன். 'பிள்ளைங்க குடிக்குதுல்ல' ன்னு கேட்டாவ ஆச்சி. நான் வாயப் பொத்திக்கிட்டேன்."

அதற்கப்புறம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டார்களாம். இந்தத் தடவை யாரும் பாட்டுப் பாடவில்லை. ஒரு பிள்ளை எழுந்து, "கதவைப் பிடிக்க ஆள் வேணும் மேடம், வாங்க காட்டுதேன்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாளாம்! அது உன் பிள்ளைதான் எப்சி! நீ உச்சியில் வைத்த தாள்தான் நடந்து போயிருக்கிறது! காப்பாளரை அன்றே மாற்றிவிட்டார்கள். இன்று காலையில் தொட்டியை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், சத்தம் பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிறதாம். நீ பொறுக்கினது வீண்போகவில்லை. உன்னை மாற்றின அந்தம்மாளே உன் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னும் இருக்கிறது, பொறு. அவர்கள் தென்காசியில் ஏதோ விழாவுக்குப் போனபின், பத்து மணி இருக்கும், வாசலில் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. அமைச்சரம்மாவை விழா மண்டபத்தில் இறக்கிவிட்டு, மூன்று மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன் என்றார், நெட்டையாக, நரைத்த மீசை. "ஆச்சி, நான்தான் தேவசிகாமணி."

 உட்காரச் சொன்னேன். "தம்பி, நீரு இன்னொரு கார் ஓட்டுவீருன்னு எழுதினவ நான்தான். என்ன மன்னிச்சிரும்" என்றேன். எப்சி எனக்கு அதைக் காட்டவில்லையே என்றார். நீ அந்த வரியை அவரிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது, நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன்! மனிதர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார் பார், மீசை எல்லாம் ஆடியது. "உங்க வாய்ல ஒண்ணுமே நிக்காதா ஆச்சி?" என்றார். பழைய சோறும் சுண்டவத்தலும்தான் இருந்தது, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது, "எனக்காகவும் ஜெபம் பண்ணுங்க. ஆனா வாய்க்குள்ளயே பண்ணுங்க" என்றார்.

அவர் உன்னைப் பற்றி ஒன்று சொன்னார், அதை எழுதத்தான் இத்தனையும். மனுப் பிரிவில் நீ வந்தபிறகு கட்டுகள் வேகமாக மேலே வருகிறதாம், அமைச்சரம்மா ஒருநாள் காரில், "இந்தக் கட்டை அடுக்கினது எப்சியா?" என்று கேட்டார்களாம். ஆமாம் என்றதும் கண்ணாடியைக் கழற்றவில்லையாம். மாட்டிக்கொண்டே படித்தார்களாம். இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத்தான் தெரியும்.

ஷரீபா பீவிக்குத் தாலுகா ஆபீஸில் நானே கூடப்போய் மனு கொடுத்தேன். என் பேத்தி யார் என்று ஒரு வார்த்தை வாய் திறக்கவில்லை. வரிசையில் நின்றோம், ஒன்றரை மணி நேரம்.

கடைசியாக ஒன்று. சுவரில் உன் படம் ஒன்று மாட்டியிருந்தேன், பேப்பரில் வந்தது, அமைச்சரம்மா நாடாவை வெட்டுகிறார்கள், ஓரத்தில் நீ தட்டைப் பிடித்திருக்கிறாய், பாதி முகம்தான் தெரியும். அதைக் காட்டித்தான் இத்தனை நாள் தெருவில் பெருமை பேசினேன். இன்று கழற்றிவிட்டேன். ஆணி சும்மா இருக்கிறது. நீ உன் மேஜையில் உட்கார்ந்து, முன்னால் அந்த மனுக் கட்டுகளோடு, முழு முகமும் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. போனில் வேண்டாம், சட்டம் போடுகிற அளவுக்குப் பெரிதாக, உன்னைத் தனியாக.

அன்பு முத்தங்களோடு,
ஆச்சி